எதைச் சொன்னால் மார்க்?

1913-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பிறமொழிக்காரர்களுக்கென்று முதன்முதலாக ஓர் ஆங்கிலத் தேர்வு வைத்தது. மொத்தம் 12 மணி நேரம். மொழிபெயர்ப்பு, இலக்கணம், ஒலியியல், இலக்கியம், கட்டுரை, பேச்சு என்று ஆளைப் பிழிந்தெடுக்கிற தேர்வு. எழுதியவர்கள் 3 பேர். மூவருமே தேறவில்லை. நம்மூர் டுட்டோரியல்காரர் யாருக்காவது முதல் வருஷ ரிசல்ட் இப்படி வந்திருந்தால் மறுநாளே போர்டைக் கழற்றியிருப்பார். கேம்பிரிட்ஜ்காரர்கள் கழற்றவில்லை. 1939-ல் அதற்குக் கீழ்ப்படியாக இன்னொரு தேர்வைச் சேர்த்தார்கள். 1975-ல் அதற்குப் பெயர் மாற்றினார்கள். இன்று அது பி2 ஃபர்ஸ்ட் என்ற பெயரில் உலகமெங்கும் நடக்கிறது.

இந்த 'பி2' ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட அளவுகோலிலிருந்து வந்தது. ஒரு மொழியை எந்த அளவுக்குக் கையாள முடிகிறது என்பதை ஏ1-லிருந்து சி2 வரை ஆறு படிகளாக அது பிரிக்கிறது. பி2 நாலாவது படி. கடையில் சாமான் கேட்பது, வழி விசாரிப்பது, தன்னைப் பற்றி நாலு வரி சொல்வதெல்லாம் அதற்கு முந்தைய படிகளிலேயே முடிந்துவிடும். நாலாவது படியில் நிற்கிறவரிடம் அந்த அளவுகோல் வேறொன்றை எதிர்பார்க்கிறது. நடப்பு விஷயம் ஒன்றில் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். இந்த வழியில் என்ன லாபம், அந்த வழியில் என்ன நஷ்டம் என்று எடுத்துப் பேச வேண்டும். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் சிரமமில்லாமல் பேச்சு ஓட வேண்டும்.

ஏட்டில் இருந்த இந்தப் படிக்கு இப்போது வாசற்படி வேலை வந்துவிட்டது. பிரிட்டனுக்குத் திறன்மிகு பணியாளர் விசாவில் போகிறவர்களுக்கு மூன்றாவது படியான பி1 போதும் என்றிருந்ததை, 2026 ஜனவரி 8 முதல் பி2 ஆக உயர்த்திவிட்டார்கள். ஜெர்மனியும் வெளிநாட்டு நர்சுகளிடம் பி2-தான் கேட்கிறது, ஜெர்மன் மொழியில்.

இதெல்லாம் லண்டன் சங்கதி, பெர்லின் சங்கதி என்று நினைக்க வேண்டாம். வத்திராயிருப்பு பஜாரில் டீ குடித்துக்கொண்டே "ஒங்க வீட்டுப் பிள்ள ஓ.இ.டி. முடிச்சிருச்சா?" என்று விசாரிக்கிறார்கள். ஓ.இ.டி. என்பது நர்சுகளும் டாக்டர்களும் எழுதுகிற ஆங்கிலத் தேர்வு.

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினால் எங்கள் ஊர். 2019-லிருந்து தாலுகா தலைநகர். பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, சதுரகிரி, பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். நெல்லும் தென்னையும் மாவும்தான் ஊரின் வருமானம். மழை பொய்த்த வருஷங்களில் சிவகாசிக்குப் போனார்கள், ராஜபாளையம் மில்லுக்குப் போனார்கள். இன்றைக்குப் பெண்பிள்ளைகள் நர்சிங் படிக்க மதுரைக்குப் போகிறார்கள். அங்கிருந்து மஸ்கட், ரியாத். அதற்கும் அப்பால் பிரிட்டன், அயர்லாந்து. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறியில் நெய்கிற பேண்டேஜ் துணியும் வெளிநாடு போகிறது. அந்தத் துணிக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதைக் கட்டுகிற கைக்குத்தான் சர்டிபிகேட் வேண்டும்.

என் அண்ணன் மகள் அப்படி ஒரு கைக்குச் சொந்தக்காரி. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. பிரிட்டனின் நர்சிங் கவுன்சில், ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பொது ஆங்கிலத் தேர்வு என்றால் படிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 என்று கேட்கிறது. ஓ.இ.டி. என்றால் அந்த மூன்றிலும் பி கிரேடு, எழுத்தில் சி பிளஸ். அதாவது எழுத்துக்குப் பி2 போதும், மற்ற மூன்றும் அதற்கு ஒரு படி மேலே. ஓ.இ.டி.க்குக் கட்டணம் மட்டுமே முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். தப்பினால் மறுபடியும் கட்ட வேண்டும். அவள் மதுரையில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்திருந்தாள். ஆஃப் கிடைத்து ஊருக்கு வருகிற நாட்களில் நான் கேள்வி கேட்பேன், அவள் பதில் சொல்வாள். ஆங்கிலத்தில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

ஒருநாள் அவளிடம் கேட்டேன்: ஊருக்கு ஒரு தொகை வருகிறது, அதில் நூலகம் கட்டலாமா, விளையாட்டு மைதானம் அமைக்கலாமா, எது நல்லது, ஏன்? ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்வுகளில் வரக்கூடிய சாதாரணக் கேள்விதான். நூலகத்துக்கும் மைதானத்துக்கும் அவளுக்கு ஆங்கில வார்த்தை தெரியும். 'ஏனென்றால்' தெரியும். 'ஒரு பக்கம் பார்த்தால், இன்னொரு பக்கம் பார்த்தால்' என்று தொடங்கும் தொடர்களையும் கோச்சிங்கில் உருப்போட வைத்திருந்தார்கள். ஆனாலும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தமிழில் கேட்டாள்: "எதச் சொன்னா மார்க்கு, சித்தப்பா?"

"எதைச் சொன்னாலும் மார்க்குதான். ஒனக்கு எது வேணும்னு தோணுதோ அதச் சொல்லு."

"எனக்கா?"

அந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் விடவில்லை. ஆங்கிலம் வராமல் அவள் திணறியிருந்தால் அது எல்லோருக்கும் உள்ளதுதான். அவள் திணறியது அதற்கு முந்தைய இடத்தில். தனக்கென்று ஓர் அபிப்பிராயம் இருக்கலாம், அதை ஒருவர் தெரிந்துகொள்ள விரும்பலாம் என்பதே அவளுக்குப் புதுசாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நாம் ஆங்கிலம் படித்த விதம் தெரிந்ததுதான். 35 எடுத்தால் பாஸ். பாடத்துக்குப் பின்னால் கேள்விகள், கைடில் பதில்கள். எந்தப் பாராவிலிருந்து எந்த வருஷம் கேட்டான் என்பதெல்லாம் வாத்தியாருக்கு மனப்பாடம். 'என் லட்சியம்' என்று கட்டுரை வந்தால்கூட நாற்பது பேரும் டாக்டராகி ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்ப்பதாகத்தான் எழுதினோம், ஏனென்றால் கைடில் இருந்த லட்சியம் அதுதான். தன் லட்சியத்தைக்கூட அடுத்தவன் நோட்ஸிலிருந்து எழுதிப் பழகிய பிள்ளைகள் நாம். அடிஷனல் ஷீட் வாங்கியவன் கெட்டிக்காரன்; மணி அடிக்கும்வரை எழுதியவன் இன்னும் கெட்டிக்காரன். அந்தப் பேப்பரைத் திருத்தியவரும் பாவம், நாம் என்ன நினைக்கிறோம் என்று தெரிந்துகொள்ளப் படிக்கவில்லை. கைடில் இருப்பது இதில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து டிக் அடித்தார். பன்னிரண்டு வருஷம் ஒரு மொழியில் எழுதினோம், அதைப் படித்துவிட்டு 'அப்படியா, ஏன் அப்படி நினைக்கிறாய்?' என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. தமிழிலும் இதே கதைதான். ஆனால் தமிழுக்குப் பள்ளிக்கு வெளியே தெரு இருந்தது, சண்டை இருந்தது, சினிமா இருந்தது, அதனால் பிழைத்துக்கொண்டது. ஆங்கிலத்துக்கு வெளியே ஒன்றும் இல்லை.

கோச்சிங் சென்டர்களும் இதே தடத்தில்தான் ஓடுகின்றன. எந்தத் தலைப்பு வந்தாலும் பொருத்திக்கொள்கிற மாதிரி ஒரு சட்டகம் கொடுத்துவிடுகிறார்கள். முதல் பாரா இப்படித் தொடங்கு, இரண்டாவதில் இந்தச் சொற்றொடரைப் போடு, முடிவில் இதை எழுது. மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பதிலை அடையாளம் கண்டு மதிப்பெண்ணைக் குறைக்கும்படி ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பீட்டு விதிகளிலேயே இருக்கிறது. அந்தத் தகவல் சென்டர்காரர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் சட்டகத்தை விற்கலாம். அபிப்பிராயத்தை எப்படி விற்பது?

இன்னொரு கேள்வி. பேச்சுத் தேர்வின் தொடக்கத்தில் வருவது: இந்த வேலையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? அண்ணன் மகள் மூச்சுவிடாமல் சொன்னாள். நர்சிங் ஒரு மகத்தான சேவை, சிறுவயதிலிருந்தே மனித குலத்துக்குத் தொண்டு செய்யும் ஆசை எனக்கு இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை. உயிரும் இல்லை.

"நெசமா ஏன் சேந்த?"

சிரித்தாள். தமிழிலேயே சொன்னாள். பிளஸ் டூவில் அவளுக்கு அக்கவுன்டன்சிதான் பிடித்திருந்தது. மேலத்தெருவில் ஒரு வீட்டுப் பெண் நர்ஸாக மஸ்கட் போக, மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் மாடி எடுத்தார்கள். அப்பாவும் தாய்மாமனும் அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து பேசினார்கள். மறுநாள் அப்ளிகேஷன் வாங்கிவிட்டார்கள். முதல் வருஷம் ரத்தத்தைப் பார்த்து மயக்கமே வந்தது. இரண்டாம் வருஷம் பிரசவ வார்டில் ஒரு குழந்தையை முதல்முதலாகக் கையில் வாங்கியபோதுதான், சரி, இந்த வேலை பார்க்கலாம் என்று பட்டது.

இதையே ஆங்கிலத்தில் சொல்லு என்றேன். இதையெல்லாம் போய்ச் சொல்லலாமா என்று தயங்கினாள். பிறகு சொன்னாள். இறந்தகாலம் இரண்டு இடத்தில் நிகழ்காலமானது. மயக்கத்துக்குச் சொல் கிடைக்காமல் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினாள். ஆனாலும் நிறுத்தாமல் பேசினாள். கைடு ஆங்கிலத்தில் நாலு வரியோடு தீர்ந்துபோன பதில், சொந்தக் கதையில் ஐந்து நிமிஷம் ஓடியது. அவளுக்கே ஆச்சரியம்.

நம் பிள்ளைகளுக்கு வாதம் பண்ணத் தெரியாது, அபிப்பிராயம் சொல்லத் தெரியாது என்று இதை வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிட முடியாது. பிளவக்கல்லில் தண்ணீர் திறக்கிற சமயத்தில் எங்கள் கண்மாய்க் கரையில் வந்து நின்று பாருங்கள். தலைமடைக்காரர் ஒரு நியாயம் சொல்வார், கடைமடைக்காரர் ஒரு நியாயம் சொல்வார். இன்றைக்கு இந்த மடையை அடைத்தால் நாளான்றைக்கு அந்த வயலுக்கு என்ன ஆகும், முறை வைத்தால் யாருக்கு எத்தனை மணி நேரம், போன வருஷம் யார் விட்டுக்கொடுத்தது, இந்த வருஷம் யார் விட்டுக்கொடுக்க வேண்டும், மழை வந்தால் எப்படி, வராவிட்டால் எப்படி! ஐரோப்பிய கவுன்சில் பி2-க்கு விதித்திருக்கிற அத்தனையும் அங்கே நடக்கும். நடத்துகிறவர்களில் பாதிப்பேர் கையெழுத்துக்கு மேல் படிக்காதவர்கள். என் அம்மா அந்தக் கரையில் பேசினால் எதிர்த்தரப்பும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்கும். ஏனென்றால் அம்மா சொல்வதைப் பொறுத்து அன்றைய தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது மாறும்.

அவர்கள் பேச்சுக்கு அங்கே விளைவு உண்டு. பேத்தியின் பேச்சுக்கு வீட்டில் என்ன விளைவு? எந்தப் படிப்பு, எந்த ஊர், எந்த மாப்பிள்ளை எல்லாம் முடிவாகிக் கடைசியில் "என்னம்மா, சம்மதந்தானே?" என்று ஒரு கேள்வி வரும். அதற்கு ஒரு தலையாட்டல் போதும். எந்த மொழியும் தேவையில்லை.

ஆஸ்பத்திரியில் அப்படியில்லை என்பதை ஓ.இ.டி. எழுத்துத் தேர்வுக்குப் பழகும்போதுதான் கண்டுகொண்டேன். அந்தத் தேர்வில் ஒரு நோயாளியின் கேஸ் குறிப்புகளைக் கொடுத்துவிடுவார்கள். படிக்க 5 நிமிஷம், எழுத 40 நிமிஷம். டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவரை இனி கவனிக்கப்போகிற இன்னொரு நர்சுக்கோ டாக்டருக்கோ 180-லிருந்து 200 சொற்களுக்குள் ஒரு கடிதம் எழுத வேண்டும். அவள் முதலில் எழுதிய கடிதம் பரீட்சைப் பேப்பராகவே இருந்தது. குறிப்பில் இருந்த ஒன்றையும் விடவில்லை. ஷுகரால் காலில் புண் வந்த ஒரு கிழவருக்குச் சின்ன வயதில் குடல்வால் ஆபரேஷன் நடந்தது முதற்கொண்டு எழுதியிருந்தாள். முந்நூறு சொல்லைத் தாண்டிவிட்டது.

"நைட் டூட்டிக்கு ஆள் மாத்தும்போது இதெல்லாம் சொல்லுவியா?" என்று கேட்டேன்.

"அய்யோ, ஹேண்ட் ஓவர்ல இப்படிச் சொன்னா அடிக்க வருவாங்க."

"அங்க என்ன சொல்லுவ?"

சடசடவென்று சொன்னாள். பெட் நம்பர், ஷுகர் எவ்வளவு, புண் எந்தக் காலில், கடைசி டிரெஸ்ஸிங் எத்தனை மணிக்கு, அடுத்தது எப்போது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ராத்திரி எழுந்து பாத்ரூம் போகப் பார்ப்பார், விழுந்துவிடாமல் பார்க்க வேண்டும். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. எதிரே நிற்கிறவள் இதை வைத்து விடியும்வரை வேலை பார்க்கப்போகிறாள் என்பது தெரியும். வேண்டாதது தானாக உதிர்ந்துவிடுகிறது.

மறுபடி எழுதினாள். குடல்வால் போயிற்று. 'தனியாக வசிக்கிறார், வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது' என்று குறிப்பில் ஒரு மூலையில் கிடந்ததை மேலே கொண்டுவந்தாள். காலில் புண்ணோடு மாடி ஏறுகிறவரை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற நர்ஸுக்கு அது முதலில் தெரிய வேண்டாமா என்றாள். சொற்கள் 190-க்குள் நின்றன. இலக்கணப் பிழைகள்கூடப் பாதியாகக் குறைந்திருந்தன. யாரும் திருத்தவில்லை. சொல்ல வந்தது நேராகிவிட்டால் வாக்கியமும் நேராகிவிடும் போலிருக்கிறது.

அதே தேர்வின் பேச்சுப் பகுதியில் ஒருவர் நோயாளியாக நடிப்பார், இவள் நர்ஸாகவே இருக்க வேண்டும். இன்சுலின் போட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற நோயாளி என்று வைத்துக்கொண்டோம். நான்தான் நோயாளி. அவள் நம்மூர் வார்டு வழக்கப்படி ஆரம்பித்தாள்: போட்டே ஆக வேண்டும், போடாவிட்டால் கிட்னி போய்விடும், கண் போய்விடும். மிரட்டலில் அவள் ஆங்கிலம் பிரமாதம். ஆனால் நோயாளியின் தரப்பைப் புரிந்துகொள்ள முயன்றாளா என்பதற்கென்று அந்தத் தேர்வில் தனி மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். 'ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?' என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை இருக்க வேண்டும். ஊசிக்குப் பயப்படுகிறாரா, ஆரம்பித்தால் ஆயுளுக்கும் விட முடியாது என்று யாரோ சொல்லிவிட்டார்களா, வாங்கப் பணம் இல்லையா? இந்த ஒரு கேள்வியை அவளிடமிருந்து வரவழைக்கத்தான் பெரும்பாடாக இருந்தது. ஆங்கிலத்தில் அது நாலைந்து சொல். அவளிடம் யாராவது அப்படிக் கேட்டுப் பொறுமையாக இருந்திருந்தால் அவளுக்கும் சுலபமாக வந்திருக்கும்.

1913-க்கு ஒரு தடவை திரும்ப வேண்டும். கேம்பிரிட்ஜ் தன் முதல் ஆங்கிலத் தேர்வில் மூன்று பேரையும் தோற்கடித்த அதே வருஷம், ஜனவரி 16 தேதியிட்டு, அதே கேம்பிரிட்ஜுக்குச் சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவு குமாஸ்தா ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்று உதவித்தொகையை இழந்தவர் அவர். எஃப்.ஏ. பரீட்சையில் கடைசிவரை தேறாதவர். ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் பேக்கர், ஹாப்ஸன் என்று கேம்பிரிட்ஜின் இரண்டு பெரிய கணித அறிஞர்களுக்கு எழுதியதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த இரண்டாலும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாமவரான ஹார்டி கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய்ச் சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து, இதில் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்தார். 1914-ல் ராமானுஜன் கப்பலேறினார்.

எழுதியவர் ஒருவரே. கணக்கும் அவருடையதே. முதல் கடிதத்துக்கும் மூன்றாவது கடிதத்துக்கும் நடுவில் அவர் ஆங்கிலம் ஒன்றும் பெரிதாகத் தேறியிருக்காது. மூன்றாமவர் கேட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். கேட்ட பிறகு, கட்டுரைத் தாளில் தோற்ற அந்த ஆங்கிலமே போதுமானதாக ஆகிவிட்டது.

மொழித்திறன் என்று நாம் பேசுகிறவரின் வாய்க்குள்ளேயே தேடுகிறோம். சொல் எத்தனை தெரியும், இலக்கணம் எவ்வளவு தெரியும், உச்சரிப்பு எப்படி என்று. அதில் பாதி எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம் இருக்கிறது. கண்மாய்க் கரையில் என் அம்மாவுக்குக் கிடைத்ததும், ஹேண்ட் ஓவரில் பேத்திக்குக் கிடைப்பதும், பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் அவளுக்குக் கிடைக்காமல் போனதும் அந்தப் பாதிதான். பி2-வில் எங்கள் பிள்ளைகள் முட்டிக்கொண்டு நிற்பதற்கு அந்தப் படியின் இயல்பே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் மூன்று படிகளை யாரும் கேட்காமலே ஏறிவிடலாம். விலை கேட்கவும் வழி கேட்கவும் பெயர் சொல்லவும் உருப்போட்டால் போதும். நாலாவது படியில் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதில் வார்த்தைப் பட்டியலில் இல்லை. அதற்கு முன்னால் யாராவது, எந்த மொழியிலாவது, அவளிடம் அதைக் கேட்டுவிட்டுக் காத்திருந்திருக்க வேண்டும்.

கேம்பிரிட்ஜின் பி2 பேச்சுத் தேர்வில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 14 நிமிஷம்; தேர்வாளர்கள் இரண்டு பேர். ஒருவர்தான் கேள்வி கேட்பார். இன்னொருவர் பேச்சில் கலந்துகொள்வதே இல்லை. உட்கார்ந்து கேட்டு மதிப்பெண் போடுவதுதான் அவர் வேலை. காசு கொடுத்து ஒருவரைக் காது கொடுக்க வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் சில பெண்பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் தடங்கலில்லாமல் கிடைக்கிற முதல் கேட்பாளர் அவராகத்தான் இருப்பார்.

இதை வைத்து அந்தத் தேர்வுகளுக்கு நான் மாலை போடுவதாக நினைக்க வேண்டாம். பிரிட்டன் பி1-ஐ பி2 ஆக்கியது யாருடைய அபிப்பிராயத்தையும் கேட்கிற ஆசையில் இல்லை. உள்ளே வருகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பது அந்த நாட்டு அரசியல். ஒரு நர்ஸின் இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு, ரிசல்ட்டை இரண்டு வருஷத்துக்கு மேல் செல்லாது என்று சொல்கிற வியாபாரம் அது. இரண்டு வருஷத்தில் ஒருவருக்கு ஆங்கிலம் மறந்துவிடும் என்று எப்படித்தான் கண்டுபிடித்தார்களோ! அபிப்பிராயம் மட்டும் இருந்தால் பாஸாகிவிட முடியாது என்பதும் உண்மை. ஸ்காட்லாந்துக்காரரின் உச்சரிப்பைக் காதில் ஏற்ற மாதக்கணக்கில் கேட்டுத்தான் ஆக வேண்டும். சின்னச் சின்ன வினைச்சொற்களோடு ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடுகிற ஒட்டுகளை உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். அதற்கெல்லாம் புத்தகம் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது. கூமாபட்டியிலும் சிக்னல் கிடைக்கிறது.

கூமாபட்டி என்றதும் உங்களுக்கு அந்த வீடியோ ஞாபகம் வந்திருக்கும். 2025-ல் எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் தண்ணீருக்குள் நின்றுகொண்டு "ஏங்க" என்று உலகத்தைக் கூப்பிட்டான். உலகமும் திரும்பிப் பார்த்தது. கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வந்துவிட்டார்கள். அணையில் குளிக்க அனுமதி இல்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. எந்தப் பேச்சுப் பயிற்சிக்கும் போகாத பையன். கேட்க ஆள் இருக்கிறது என்று நம்பிப் பேசினான்.

அண்ணன் மகளுக்குத் துணையாக எதிர்வீட்டுப் பெண்ணையும் சேர்த்துவிட்டேன். கிருஷ்ணன்கோவிலில் எஞ்சினியரிங் முடித்தவள், மேல்படிப்புக்காக ஐ.இ.எல்.டி.எஸ். எழுதப்போகிறாள். ஜோடியாகப் பேசிப் பழகுங்கள் என்று ஒரு தலைப்பும் கொடுத்தேன்: பிளவக்கல் பக்கம் சுற்றுலாக்காரர்களை விடலாமா, கூடாதா? விட வேண்டும் என்று அண்ணன் மகள் எடுத்துக்கொண்டாள். கடைகளுக்கு வியாபாரம் நடக்கும், பஸ் கூடுதலாக விடுவார்கள், ஊரில் இருக்கிற பையன்களுக்கு வேலை கிடைக்கும். மற்றவள் காட்டைப் பற்றியும் யானை வழித்தடத்தைப் பற்றியும் ஆரம்பித்தாள். ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் போனது, ஆனால் நிற்காமல் போனது.

தேங்காய் எண்ணிக்கொண்டிருந்த அண்ணனுக்கு ஆங்கிலம் புரியாது. பிளவக்கல், டூரிஸ்ட் என்று காதில் விழுந்ததை வைத்தே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் விடக் கூடாது. விட்டா ஊரு கெட்டுப்போகும்" என்று அங்கிருந்தே தீர்ப்புச் சொன்னார். வழக்கமாக அந்த வீட்டில் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

"இருப்பா. அவ பேசி முடிக்கட்டும். அப்பறம் நான் சொல்லணும்" என்றாள் மகள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பேசி முடிக்கிறவரை தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டார்.

"சரி. வர்றவன் வரட்டும்ங்கிற. அவன் போட்டுட்டுப் போற குப்பைய யாரு அள்ளுறது? அதச் சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவர் மறித்தார். எதிர்வீட்டுப் பெண்ணும் தமிழுக்கு மாறி நடுவில் புகுந்தாள். சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து அண்ணியும் கரண்டியோடு வந்துவிட்டார். அன்றைக்கு இங்கிலீஷ் பிராக்டிஸ் அதோடு போயிற்று.